மரத்துப்போன மூன்று விரல்கள்

நிந்தவூர் றோட்டில் படுத்துக் கிடந்த மாட்டுக்கு வழிவிடப் போய் மோட்டார் சைக்கிளோடு விழுந்தார், சாய்ந்தமருதில் அரிசிக்கடை வைத்திருக்கும் றஊப். மாடு எழும்பக்கூட இல்லை. இவருக்குத்தான் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டு வெட்டியபோது எலும்பு பொருந்தியிருந்தது, ஆனால் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய்க் கிடந்தன. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, சின்ன ஒப்பரேசன் செய்ய வேண்டும், பிந்தினால் கை சூம்பிவிடும் என்று சொல்லி டொக்டர் கிளினிக் கார்டில் திகதி குறித்துக் கொடுத்தார்.

அந்தத் திகதிதான் தொல்லை. அது ஒரே மகள் றினோஸாவின் நிக்காஹ்வுக்கு நாலு நாள் முன்னால் வந்து விழுந்தது. நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டு, மகளைத் தந்தேன் என்று சொல்ல வேண்டும். கட்டுப்போட்ட கையோடு போய் உட்கார்ந்தால் அந்தப் பாக்கியத்தைத் தம்பி ஜவுபர் தட்டிக்கொண்டு போய்விடுவான். அதற்கென்றே அவன் புதுச் சட்டை தைத்திருப்பதாகவும் கேள்வி. றஊப் கிளினிக் கார்டைக் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, எல்லாம் சுகம் என்று வீட்டில் வாய் கூசாமல் புளுகினார்.

அதன் பிறகு தேத்தண்ணிக் கோப்பைகள் மூன்று உடைந்தன. மூன்று முறையும் குற்றம் கோப்பையின் மேல்தான். பிடியைப் பழக்குவதற்காகத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் கை கொடுத்தார். இரண்டே வாரத்தில் அவர் தேர்தல் கேட்கப் போகிறார் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. தங்கள் மகன்மாருக்கு வேலை கேட்டும் இரண்டு பேர் வந்தார்கள்.

ஒப்பரேசன் திகதி சத்தமில்லாமல் கடந்து போனது. நிக்காஹ் நாளன்று, சம்மதம் கேட்பதற்காக மகளின் அறைக்குப் போனார். சாட்சிகளாகக் கூடப் போனவர்கள் ஜவுபரும் மைத்துனர் மீராமுகைதீனும். மாப்பிள்ளையின் பெயரையும் அவர் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரையும் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். தலைகுனிந்து ஓம் என்று சொல்ல வேண்டிய பெண், கடை மூட்டைக்குப் பின்னால் தேடிப் பிடித்த கிளினிக் கார்டை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"நாளைக்கு ஆசுபத்திரிக்கு வாறன் எண்டு இந்த ரெண்டு சாட்சிக்கும் முன்னால சொல்லுங்க வாப்பா. அதுக்குப் பொறகுதான் நான் ஓம் எண்டு சொல்லுவன்."

சம்மதம் யாரிடம் கேட்க வந்தோம் என்று மீராமுகைதீனுக்கே குழம்பிவிட்டது. வெளியே நிக்காஹ் நடத்த வந்த மௌலவி மணி பார்த்துக்கொண்டிருந்தார். றஊப் கார்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்தார். வாறன் மகள் என்றார். அவளும் ஓம் என்றாள்.

வாசல் தாண்டும்போது, இந்தக் கை உதவாது, நீயே பிடித்துக் கொடு என்று தம்பியிடம் சொன்னார்.

"உங்கட மகள், காக்கா. நீங்கதான் குடுக்கோணும்" என்று அண்ணனைத் தடுத்தான் ஜவுபர்.

மாப்பிள்ளை றிஸ்மியின் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினார். பெருவிரல் சொல் கேட்காமல் வழுக்கியது. சபை பார்த்துக்கொண்டிருந்தது. ஜவுபர் பக்கத்தில் மண்டியிட்டு, சேர்ந்திருந்த இரண்டு கைகளையும் மேலும் கீழுமாகத் தன் கைகளால் பொத்திக்கொண்டான்.

மௌலவி சொல்லிக்கொடுக்க, றஊப் சொன்னார். மூன்று விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மரத்துப்போகாத சின்னவிரலில் மட்டும் ஒரு நடுக்கம் தெரிந்தது. பொடியன் பயப்படுகிறான் என்று நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை வீடியோக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜவுபர்தான் அழுதுகொண்டிருந்தான்.