எட்டு வார எலிகள்

என் கொழுந்தனுக்குக் கணக்கு தப்பிப்போனால், அழித்துவிட்டு வேறு எழுத ஒரு மத்தியானம் போதும். எனக்கு எலி வேண்டும், ஊசி வேண்டும், ஐந்து மாதம் வேண்டும். இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம், ஒரே டைரக்டர் என்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேள்வி என்னவோ எளிமையானதுதான். தடுப்பூசியின் முதல் டோஸுக்கும் இரண்டாவது டோஸுக்கும் நடுவே மூன்று வாரம் விடுவதா, எட்டு வாரம் விடுவதா? எட்டு வாரம் விட்டால்தான் கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் நினைவு செல்கள் உடம்பில் நன்றாக முதிர்ந்து, ரத்தத்தில் ஆன்டிபாடி இரண்டு மடங்கு ஏறும் என்று கொழுந்தன் சமன்பாடு போட்டு அடித்துச் சொன்னான். நான் எலிகளில் செய்து பார்த்தேன். முதல் ஊசியை முன்பின்னாகப் போட்டு, இரண்டாவதை எல்லா எலிக்கும் ஒரே நாளில் போட்டேன். இரண்டு வாரம் கழித்து வாலில் ரத்தம் எடுத்துச் சோதித்தால், ஆன்டிபாடி கூடக் கூட மஞ்சளாகும் சோதனைத் தட்டில் மூன்று வாரக் கூட்டத்தின் குழிகள்தான் நன்றாக மஞ்சளித்தன.

பாவம், பையன் இடிந்துபோவான் என்று அவனுக்குப் பிடித்த பிஸ்கெட் வாங்கி வைத்தேன். பிஸ்கெட்டையும் தின்றான், சமன்பாட்டையும் மாற்றினான். "ரொம்ப நாள் விட்டா நினைவு செல் தூங்கிடுது அண்ணி, அதை நான் சேக்காம விட்டுட்டேன்" என்றான். சாயங்காலத்துக்குள் அவன் வளைகோடு என் புள்ளி ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போனது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத கணக்குக்காரக் கூட்டம் அது.

டைரக்டருக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. இதைக் காட்டினால், மூன்று மாதத்தில் முடிய வேண்டிய என் ஒப்பந்த வேலை இன்னும் மூன்று வருடம் நீளும் என்று சொல்லியிருந்தார். வீட்டில் என் கணவர், "என் தம்பி மூளையைப் பாத்தியா!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். எலிக்கு ஊசி போட்டது யார் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

புதன்கிழமை காலை, குழுவுக்குக் காட்டப் படமெடுக்கலாம் என்று எட்டு வாரக் கூண்டு ஒன்றைத் திறந்தேன். முதல் ஊசி போடும்போதே ஒவ்வொரு எலிக்கும் காதோரத்தில் சின்னதாக வெட்டி அடையாளம் வைப்பேன். மூன்று வாரத்துக்கு இடது காது, எட்டு வாரத்துக்கு வலது. கையில் எடுத்த எலிக்கு இடது காதில் வெட்டு. அடுத்ததற்கும் இடது. அந்தக் கூண்டில் இருந்த ஐந்துக்கும் இடது. மற்ற மூன்று கூண்டுகளையும் பார்த்தேன். எல்லாமே மாறிக் கிடந்தன.

இரண்டாவது ஊசிக்கு மறுநாள் கூண்டு கழுவும்போது எந்தக் கூட்டம் என்று எழுதி மாட்டியிருந்த அட்டைகளைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தேன். திரும்ப மாட்டும்போது மாற்றி மாட்டியிருக்கிறேன். வேறு யாருமில்லை, நான்தான். ரத்தம் எடுத்த அன்றும் அட்டையைப் பார்த்தேனே தவிர, காதைப் பார்க்கவில்லை. பத்து வருட அனுபவமாம்! என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. எலியின் காதை எந்தக் குழு வந்து பார்க்கப்போகிறது? ஆனால் இந்த மூன்று வாரத்தை நம்பி நாளைக்கு யாரோ மனுஷர்களுக்கு ஊசி போடுவார்கள். கொழுந்தனைக் கூப்பிட்டு எலியைக் கையில் கொடுத்தேன்.

காதைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். "அப்ப எட்டு வாரம்தான் ஜெயிச்சிருக்கா?"

"ஆமா. நீ முதல்ல சொன்ன மாதிரியேதான். அந்தத் தூங்குற செல்லு இப்ப எங்க போச்சு?"

அவன் எலியைக் கூண்டில் விட்டான். "அப்படி ஒண்ணு இல்லவே இல்ல போல, அண்ணி."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தப்பான எண்ணைக் கொடுத்தாலும் பொருந்துகிற கணக்கு என்ன கணக்கு? ஆனால் கேட்க எனக்கு வாயில்லை. எண்ணைக் கொடுத்தவளே நான்தான்.

இருவருமாக டைரக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அட்டை ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. நான் காதை நம்புறேன்மா. குழு நம்புமா? முதல்ல இருந்து செய்யணும். வெள்ளிக்கிழமை காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இல்ல."

"புது எலி வந்து வளர்ந்து, ஊசி, சோதனை எல்லாம் முடிய அஞ்சு மாசம் ஆகும் சார்," என்றேன். "எனக்கு மூணு மாசந்தான் இருக்கு."

"தெரியும்மா." கொழுந்தன் பக்கம் திரும்பினார். "உன் முதல் கணக்கு சரியாத்தானே இருந்திருக்கு? ரிசல்ட் தலைகீழா வந்தப்ப, எங்கயோ தப்பிருக்கு, இன்னொரு தடவை பாருங்கன்னு ஏன்ப்பா ஒரு வார்த்தை கேக்கல?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணி செஞ்சா தப்பா இருக்காது சார்."

கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் என் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.