எள்ளும் தண்ணீரும்

மகன் ஓட்டிவந்த கேரவன் குளத்தூர் தாண்டிக் கரிசலில் புதைந்தது. டிராக்டர் வரும்வரை பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நின்றேன். அங்கே ஒரு கல்லறையில், எங்கள் கோவில்பட்டி வீட்டில் மாலை போட்டுத் தொங்கும் அதே பட்டாளத்துப் படம். பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பாத என் அப்பா.

அதில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் யாரென்று கேட்டேன்.

"எங்கப்பா, அண்ணாச்சி. சண்டை முடிஞ்சு இங்கன வந்து எங்கம்மையக் கெட்டுனாவ. சொந்தபந்தம் யாருமில்லன்னு சொல்லுவாவ. எழுபத்தஞ்சாம் வருசம் தவறிட்டாவ."

ஏழு வயதிலிருந்து ஆடி அமாவாசை தவறாமல் திருச்செந்தூர்க் கடலில் நின்று அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தவன் நான்.

அவள் ஒரு மெழுகுவத்தியை நீட்டினாள். "நீங்களும் ஏத்துங்க."

"வேண்டாம்மா. அந்த ஆளு உசுரோட இருக்கையிலயே எல்லாக் காரியமும் செஞ்சுட்டேன்."