எங்கே நின்றீர்கள்?

ஆய்வுக்காரிக்கு ஒரே ஒரு விதிதான் வேதம்: அபிப்பிராயம் கேட்கக் கூடாது, சம்பவம் கேட்க வேண்டும். வேலையில் நன்றாக முடிந்த, அல்லது நாசமாய்ப் போன ஒரு நாளைச் சொல்லச் சொல்வாள். அன்று என்ன செய்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்று விடாமல் தோண்டுவாள். நர்ஸ்களைப் பேட்டி எடுக்க ஆஸ்பத்திரியில் கண்காணிப்பாளர் அறையை ஒட்டி, பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு மேசை கொடுத்திருந்தார்கள்; மேசைமேல் பதிவுக் கருவி.

பதினான்காவதாக வந்தவள் தலைமை நர்ஸ். முதுகுக்குப் பின்னால் வார்டே அவளை மிளகாய் என்றுதான் சொல்லும். உட்காரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

"சீக்கிரம் முடிங்க. பதினோரு மணிக்குப் பக்கத்து ரூம்ல விசாரணை. நான்தான் சாட்சி."

"வேலையில மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்க."

"பொதுவாவே இப்ப வர்ற பொண்ணுங்களுக்கு அக்கறை கிடையாது."

"பொதுவா வேணாம். ஒரு நாள், ஒரு சம்பவம்."

மிளகாய் முறைத்துவிட்டுச் சொன்னாள். போன மாதம் ஏழாம் படுக்கைப் பெரியவருக்குத் தப்பான டிரிப்ஸ் பாட்டில் ஏறி, அவர் பிழைத்ததே பெரும்பாடு. அந்தப் பாட்டிலை மாட்டியது சின்ன நர்ஸ் என்றாள். இன்றைய விசாரணையே அதற்குத்தான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"மருந்து ரூம்ல."

"அங்கேருந்து ஏழாம் பெட் தெரியாதே. நடுவுல சுவர் இருக்கே."

"எனக்குத் தெரியும்னா தெரியும். பாட்டில் மேல ஒட்டியிருந்த சீட்டு பாதி கிழிஞ்சிருந்தது. மாட்டும்போது கையில பிசுபிசுன்னு ஒட்டிச்சு."

நுணலும் தன் வாயால் கெடும். யார் கையில் ஒட்டியது என்று ஆய்வுக்காரி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

"அந்தப் பதிவை அழிங்க," என்றாள் மிளகாய். "எப்ப வேணாலும் விலகிக்கலாம், இங்க பேசினது வெளிய போகாதுன்னு நீங்க கொடுத்த ஒப்புதல் தாள்ல இருக்கு. கீழே உங்க கையெழுத்துதானே?"

"அந்தப் பொண்ணு பொழப்பு போயிடும்."

"அதுவும் உங்க ஆய்வுல இருக்கா?"

அழித்தாள். மிளகாயைவிடத் தன் கையெழுத்தின் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

பதினோரு மணிக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிளகாயின் குரல் தெளிவாகக் கேட்டது. "வார்டு கதவுகிட்ட நின்னேன் சார். அங்கேருந்து ஏழாம் பெட் நேராத் தெரியும். அந்தப் பொண்ணு மாட்டினதை என் கண்ணால பார்த்தேன்."

கிழிந்த சீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. நடுவில் சுவர் இருப்பதைச் சொல்லி, மழுங்கிக் கிடந்த பொய்யைச் சாணை பிடித்துக் கொடுத்தவள் ஆய்வுக்காரிதான்.

அரை மணி கழித்துப் பதினைந்தாவது ஆள் வந்தாள். சின்ன நர்ஸ். சட்டையில் பேர் அட்டை இல்லை.

"வேலை போச்சுக்கா. லிஸ்ட்ல பேர் இருந்துச்சு, அதான் வந்தேன். ஒரு சம்பவம் சொல்லணுமாமே, எழுதிக்கங்க. மருந்து ரூம்ல இருந்தேன்னு ஒரு மாசமா வார்டு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சவங்க, இன்னைக்குக் கதவுகிட்ட நின்னேங்கறாங்க. நான் சொன்னது யார் காதுலயும் ஏறல. காலை வரைக்கும் இல்லாத புத்தி. யாருக்கா அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பா?"

பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வுக்காரி அதை நிறுத்தவும் இல்லை, அடுத்த கேள்வியைக் கேட்கவும் இல்லை.