பூஜ்ஜியத்துக்குப் போர்த்திய சால்வை

“அணுவின் ஆற்றல், மானுட குலத்துக்கு இறைவன் அருளிய மூன்றாவது கண்” என்று முழங்கினார் ஓசூர் வார்ப்பட ஆலையின் பாதுகாப்பு அதிகாரி அண்ணாதுரை. அதற்குள் போண்டா வந்துவிட்டது. கண்ணை அப்படியே விட்டுவிட்டு, கங்கப்பனுக்குச் சால்வை போர்த்தினார்.

வார்த்த இரும்புக்குள் ஓட்டை இருக்கிறதா என்று படமெடுப்பது கங்கப்பன் வேலை. மிளகளவு இரிடியம், கைப்பிடியைச் சுற்றினால் கனத்த பெட்டியிலிருந்து குழாய் வழியே வெளியே போகும், திருப்பிச் சுற்றினால் உள்ளே வரும். அதன் கதிர் இரும்பைத் துளைத்துப் போய் ஃபிலிமில் விழும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. உடம்பில் எவ்வளவு பட்டதென்று சட்டையில் குத்தும் பேட்ஜ்தான் சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஆய்வகத்துக்குப் போகும்.

“உசுராட்டம் பாத்துக்க. கறை பட்டா மெமோ” என்று சொல்லித்தான் அண்ணாதுரை அதைக் கொடுத்திருந்தார். ஆகவே அது கங்கப்பனின் கெலமங்கலம் வீட்டில் சாமி படத்தில் தொங்கியது. மனைவி மாதேஸ்வரி வெள்ளிதோறும் பொட்டு வைத்தாள். ஓராண்டாகப் பூஜ்ஜியம். அதற்குத்தான் சால்வை.

அடுத்த மாதம் இரிடியம் குழாய் நுனியில் சிக்கிக்கொண்டது. கதிர் காட்டும் கருவியில் பேட்டரி இல்லை. சரக்கேற்ற லாரி காத்திருந்தது. கங்கப்பன் நுனியை இடது கையால் பிடித்து நிமிர்த்தினார். பத்தாம் நாள் விரல்கள் சிவந்து கொப்பளித்தன.

பெங்களூர் மருத்துவமனையில், கீழ்த்தளத்தில் அதே மாதிரிக் கதிர் யாருடைய புற்றுக்கட்டியையோ சுட்டுக்கொண்டிருந்தது. மேலே டாக்டர் கேட்டார்: “எவ்வளவு பட்டுச்சுன்னு தெரிஞ்சா, கை எதுவரைக்கும் தேறும்னு ஓரளவு சொல்லலாம். பேட்ஜ் எங்க?”

“பத்திரமா இருக்குதுங்க சார்.”

“எங்க?”

“சாமி படத்துலீங்க.”

டாக்டர் பேனாவை மூடினார்.

ஆரஞ்சுப் பழங்களோடு வந்த அண்ணாதுரை குரலைத் தாழ்த்தினார். “ரெக்கார்டுபடி உனக்கு ஒண்ணுமே படலப்பா. வீட்டுல எண்ணெய் கிண்ணெய் கொட்டிக்கிட்டியா?”

கங்கப்பன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

அண்ணாதுரை போனபின் மாதேஸ்வரி கேட்டாள்: “வாராவாரம் கும்புட்டனே. அது ஒண்ணும் பாக்கலியா?”

“அது வீட்டுல இருந்துச்சு. நாந்தான அங்க இருந்தேன்.”

முதலில் இரண்டு விரல்கள் போயின. பிறகு மணிக்கட்டு வரை.

காலாண்டு அறிக்கை வந்தது. கங்கப்பன் பெயருக்கு நேரே பூஜ்ஜியம். பேட்ஜில் குங்குமம் ஒட்டியிருப்பதாகவும், இனிமேல் துடைத்து அனுப்பும்படியும் கீழே ஒரு குறிப்பு இருந்தது.