பதினாலாம் நம்பருக்கு ஒரு டிக்

எனக்கு எப்போதுமே நேரம் சரியில்லை. இல்லாவிட்டால் ஏழாம் வகுப்பில் அந்த இங்கிலீஷ் டீச்சரிடம் போய் மாட்டியிருப்பேனா? வாரத்துக்கு இருபத்தைந்து இடியம், அதாவது மரபுத்தொடர். இங்கிலீஷில் எழுதி, பக்கத்திலேயே தமிழில் அர்த்தமும் எழுத வேண்டும், அதுவும் சொந்த வார்த்தையில். வெள்ளிக்கிழமை டெஸ்ட்.

வீட்டில் என்னை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பது அம்மா. அவளுக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர் வேலை. தையல் விட்ட இடத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் பிடித்துவிடுவாள். என்னையும் அதே கண்ணோடுதான் பிடிப்பாள். நோட்டைப் பார்த்துத் தமிழ் அர்த்தத்தைப் படிப்பாள், நான் இங்கிலீஷைச் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தடுமாறாமல் சொன்னால் டிக். இழுத்தால் பெருக்கல் குறி. "தெரிஞ்சவளுக்கு எதுக்குடி இழுவை?" என்பாள். இதுவரை ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை, அதுதான் எரிச்சல்.

அந்த வியாழக்கிழமை என்னைப் பள்ளிக்கூடப் பையோடு நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்கள். அப்பா பெயிண்டர். காலையில் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். தலையில் ஆபரேஷன் முடிந்து கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தார். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் நாங்கள் இரண்டு பேர். பெயிண்ட் சொட்டிய அவர் செருப்பு அம்மாவின் மடியில் ஒரு பைக்குள் இருந்தது.

அக்கா வெளியூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடிபட்டிருக்கிறது என்று மட்டும்தான் அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள். மறுபடியும் போன் வந்தது.

"மூணு மணி பஸ்ஸை விட்டா நாளைக்குத்தாம்மா. கிளம்பட்டுமா?"

"டாக்டர் வரட்டும். கேட்டுட்டு சொல்றேன்."

இரண்டு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "பாத்துக்கிட்டுதாம்மா இருக்கோம், வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, நடந்துகொண்டே கூட வந்த சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் 'டச் அண்ட் கோ' மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் நோட்டில் அது பதினாலாம் நம்பர்.

"என்னமோ டச் அண்ட் கோன்னாரே, என்னடி அது?"

"பயப்பட ஒண்ணுமில்லேன்னு அர்த்தம்மா."

என் வாயில் கொள்ளியை வைக்க! காலையிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது? அவள் 'அப்பாடா' என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் போனை எடுத்தாள்.

"பயமில்லையாம்டி. வேலையைக் கெடுத்துக்கிட்டு வராதே. ஞாயித்துக்கிழமை வந்தா போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா அப்பாவின் செல்லம். அவள் வருவதற்குள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காலத்துக்கும் என் முகத்தில் முழிப்பாளா? சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதே. நோட்டை எடு" என்றாள் அம்மா. கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது அவளுக்கு. "உங்கப்பா கண்ணு முழிச்சதும் எவ்வளவு மார்க்குன்னுதான் கேப்பாரு."

"இப்ப வேணாம்மா."

"எடுடீ."

எடுத்தேன்.

"அத்தி பூத்தாற்போல."

"ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்."

டிக். அடுத்தது, அதற்கடுத்தது. நர்ஸாவது வந்து கூப்பிட மாட்டாளா என்று கதவைப் பார்த்தேன். ஒருத்தியும் வரவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று.

"பதினாலு. பிழைச்சாலும் பிழைக்கலாம், போனாலும் போகலாம், உறுதியாச் சொல்ல முடியாத நிலை." அம்மா முகத்தைச் சுளித்தாள். "என்னடி இது, அபசகுனமா எழுதி வெச்சிருக்கே?"

கணக்குப் பரீட்சையில் என் நிலைமையை நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுதியது. அந்தக் கையை ஒடித்துப்போடலாம் போலிருந்தது.

"சொல்லு."

"தெரியலை."

"முந்தாநாள் டக்குனு சொன்னியே. டிக்கு போட்டிருக்கேன் பாரு."

எதையாவது உளறியிருக்கலாம். 'பீஸ் ஆஃப் கேக்' என்று தடுமாறாமல் சொல்லியிருந்தால்கூட டிக் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பாள். வாய் வரைக்கும் வந்தும்விட்டது. மணி இரண்டே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"டச் அண்ட் கோ" என்றேன்.

பென்சில் அப்படியே நின்றது. கன்னத்தில் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தபோது அம்மா கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து பதினாலாம் நம்பருக்கு நேரே டிக் போட்டாள். பென்சில் முனை உடைந்தது.

போனை எடுத்தாள். "உடனே கிளம்பு. எதுவும் கேக்காதே. ஓடிப்போய் அந்த மூணு மணி பஸ்ஸைப் பிடி."

"அம்மா, நான் வந்து..."

என் கையை இழுத்து, செருப்பு இருந்த பையின்மேல் வைத்து இறுக்கிக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"பயமில்லேன்னு சொன்னப்ப நீ தடுமாறவே இல்லியேடி" என்றாள்.