மனப்பாடமான முதுகு

“அண்ணா, முழங்கை ஏன் ஒரு பக்கம் மட்டும் மடங்குது?” என்று சின்ன வயதில் தங்கை கேட்டாள்.

“ரெண்டு பக்கமும் மடங்கினா சாப்பாடு முதுகுக்குப் போயிடும்டி,” என்றான் அண்ணன்.

அந்தப் பதிலில் திருப்தி இல்லாமலோ என்னவோ, வளர்ந்ததும் அவள் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படிக்கச் சேர்ந்தாள். அண்ணன் பார்சல் கிடங்கில் சுமை தூக்கப் போனான். மாலையில் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, தசை தசையாகத் தொட்டுப் படிப்பாள். “டாக்டரம்மா, பசிக்குது, இன்னும் எத்தனை எலும்பு பாக்கி?” என்பான் அவன்.

இறுதியாண்டு மாதிரித் தேர்வுக்கு வந்து உட்கார்ந்த நோயாளி நல்ல பருமன். தோள்பட்டை எலும்பின் விளிம்பு கிடைக்காமல் அவள் விரல்கள் திணறின.

“உனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு உடம்பும்மா,” என்றார் ஆசிரியை. “பலபேரைத் தொட்டுப் பழகு. இல்லன்னா அடுத்த மாசம் செய்முறைத் தேர்வுல தேறுறது கஷ்டம்.”

தேறாவிட்டால் ஒரு வருடம் வீண். அன்றிரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னாள்.

“இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? எங்க கிடங்குல விதவிதமா உடம்பு இருக்கு,” என்றான் அண்ணன்.

மறுநாளிலிருந்து மாலைதோறும் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். தடியர் வந்தார், ஒல்லிக்குச்சி வந்தார், முறிந்து கோணலாகக் கூடிய முழங்கைக்காரரும் வந்தார். “எனக்குக் கூச்சம் அதிகம்மா,” என்ற தடியர், தொடுவதற்கு முன்பே சிரித்தார். அண்ணன் மட்டும் வேலை முடியவில்லை என்று தாமதமாக வந்து, வந்ததும் படுத்துவிடுவான்.

தேறினாள். அம்மா கண்மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். மகள் கிடங்குக்கே போய் எல்லாருக்கும் நன்றி சொன்னாள்.

“எங்களுக்கு எதுக்கும்மா?” என்றார் தடியர். “நாங்க வந்த அன்னிக்கெல்லாம் எங்க பங்கு மூட்டையையும் உங்க அண்ணன்தானே இறக்கினான். ஐயோ, சொல்லாதீங்கன்னான். உளறிட்டேன்.”

செய்த உதவியைச் சொன்னால் அது சிறுத்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் சிலர் உண்டு. அண்ணன் அந்த ஜாதி.

வீடு திரும்பினாள். அம்மா வெளியே போயிருந்தாள். அண்ணன் வேலைச் சட்டையோடு குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தான். மெல்லக் கை வைத்துப் பார்த்தாள். மனப்பாடமாகத் தெரிந்த முதுகு இப்போது அந்நியமாக இருந்தது. முதுகெலும்பின் இரு பக்கமும் தசை கட்டையாக இறுகிக் கிடந்தது. இந்த மாதம் முழுக்க ஊரையே தொட்டவள், இவனைத் தொடவில்லை.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து மேல்நோக்கி மெதுவாக நீவத் தொடங்கினாள். அவன் விழிக்கவில்லை. ஒரு பக்கம் இளகியதும், சத்தமில்லாமல் கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.