குருவம்மாள் தோண்டிய குழி

ராமசுப்பு விடியற்காலையில் கண்ணை மூடினார். பொழுது ஏறுவதற்குள் அவர் தம்பி காளிராஜ் காட்டுக்குடிசை வாசலில் வந்து நின்று, அழுதபடியே ஒரு நிபந்தனையும் போட்டான்.

"மதினி, அண்ணனை நம்ம வழக்கப்படி எரிப்போம். எம்மகன் கொள்ளி வைப்பான், ஊரே வந்து நிக்கும். வேதக்காரக மாதிரி குழியில வைக்கணும்னா ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காது. நானும் வர முடியாது. எனக்கும் பொண்ணு கட்டிக்குடுக்க வேண்டியிருக்கு."

குருவம்மாள் உள்ளே கிடந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தது அவரல்லவா! மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் காசநோய்க்கு ஆறு மாசம் கிடந்தவர், திரும்பும்போது வேதபுத்தகத்தோடு வந்தார். அவர் ஞானஸ்நானம் வாங்கியபோது பக்கத்தில் இவளும் தலையைக் குனிந்தாள். புருஷன் ஏறின பஸ்ஸில் பெண்டாட்டி ஏறாமல் என்ன செய்வாள்? அவ்வளவுதான் அவள் விசுவாசம். ஊர் ஒதுக்கியது, புஞ்சையிலேயே குடிசை போட்டார்கள், ஆறு வருஷம் ஓடிப்போனது. ஜெபம் பண்ணுவதெல்லாம் அவர் பாடு. இவள் கடைசியில் "ஆமென்" சொல்வாள்.

போன வாரம் இருமலுக்கு நடுவே அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னைய மண்ணுல வையி குருவு. ஒருநா எந்திரிச்சு வருவேன்."

"எரிச்சா எந்திரிக்க விடமாட்டாராக்கும் ஒங்க சாமி?"

"அதெல்லாம் விடுவாரு. ஆனா எந்தச் சம்சாரி வெதையை வறுத்து வெதைக்கிறான்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் இப்போது அவளைப் பாடாய்ப் படுத்தியது. நிஜமாகவே எழுந்து வருவாரா? அவருக்குத் தெரிந்திருந்தது, இவளுக்குத் தெரியவில்லை. எரித்தால் ஊர் திரும்பக் கிடைக்கும். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தர ஒரு ஆள் இருக்கும். புதைத்தால் இந்தக் கரிசல்காட்டில் அவளும் வெயிலும்தான்.

"குழியிலதான் வைக்கணும் தம்பி. அவுக கேட்டுக்கிட்டாக," என்றாள்.

காளிராஜ் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஜெபம் நடத்த மாசம் ஒருதரம் வருகிற இன்பராஜ் உபதேசியாருக்கு முதல் பஸ்ஸிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் வருவதற்குள் குழியையாவது முடிப்போம் என்று கடப்பாரையை எடுத்தாள். எழுபத்து நாலாம் வருஷத்துப் பஞ்சத்தில் காய்ந்த கரிசலைக் கேட்கவா வேண்டும்! வெடிப்பில் கடப்பாரையை விட்டு நெம்பினால் கட்டி கட்டியாய்ப் பெயர்ந்தது. நெம்பினாள், அள்ளினாள், உள்ளே போய் அவர் முகத்தில் ஈ உட்காராமல் துணியைச் சரிசெய்துவிட்டு வந்து மறுபடி நெம்பினாள். உள்ளங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. ரோட்டில் போனவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். பாவி மக்கள், ஒரு வாய்த் தண்ணி வேணுமா என்று கேட்டால் நாக்கா தேய்ந்துவிடும்?

மத்தியான பஸ் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்டக்டர்தான் படியில் நின்று கத்தினார்.

"உபதேசியாரு ஊருல இல்லம்மா! பாளையங்கோட்டைக்குப் போயிருக்காகளாம், வர மூணு நாளாகுமாம்!"

மூன்று நாள் வைத்திருக்கிற வெயிலா அது?

குழி இடுப்பளவு ஆனதும் அவரைப் பாயோடு இழுத்துவந்தாள். அந்த உடம்பில் என்ன கனம், எலும்பும் தோலும்தானே. தானும் குழிக்குள் இறங்கி, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி கிடத்தினாள். மேலே ஏறி நின்றபோதுதான் திக்கென்றது. ஜெபம் சொல்லாமல் மண் தள்ளலாமா? வேதபுத்தகம் இருக்கிறது, படிக்கத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு முழுசாய் மனப்பாடம் ஆனது, தினம் காதில் விழுந்த சாப்பாட்டு ஜெபம் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் கண்ணை மூடி அதையே சொன்னாள்.

"ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இல்லாதவங்களுக்கும் தாரும். நாளைக்கும் எங்களோட இரும். ஆமென்."

"நாளைக்கும்" என்ற சொல்லை மட்டும் மறுபடி ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். அரைவயிற்றுக் கம்பங்கூழுக்கு முன்னால் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! கூழே இல்லாத அன்று தண்ணிச் செம்பை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னார். மறுநாளும் கூழ் வராது, மறுநாளும் சொல்வார். வாய்க்காகச் சொல்கிற மனுஷன் இல்லை அவர். குருவம்மாள் ஓவென்று அழுதாள். இதுவரை அவள் ஆமென் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். முழுசாய், தன் வாயால், தனியாய்க் கேட்டது இன்றுதான். கேட்டதை யாரோ பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அழுதுகொண்டே மண்ணைத் தள்ளினாள்.

பொழுது சாய்கையில் காளிராஜ் தன் பெண்சாதி ஒச்சம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தான். மண்மேட்டைப் பார்த்ததும் துண்டை வாயில் வைத்து விம்மினான், ஆனால் வரப்பைத் தாண்டவில்லை. ஒச்சம்மாள் மட்டும் கிட்டே வந்தாள்.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுபோச்சு. தாலிய நான் கழட்டுறேன், குனியுங்க. இதையாவது மொறையாச் செய்வோம்."

குருவம்மாள் மண் அப்பிய கையால் தாலியைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்குடி கழட்டணும்? அவுக எந்திரிச்சு வாரப்ப வெறுங்கழுத்தோட நின்னேன்னா, 'ஏன் கழட்டுனே, நான் வருவேன்னு நீ நம்பலையா'ன்னு கேக்க மாட்டாகளா?"